ஏற்காட்டு மூட்டமும் ஏமாற்றும் டியூப் லைட்டும்

என் சித்தப்பா மகன் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறான். போன நவம்பரில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்று நாளாக மலை மேல் மஞ்சு இறங்கி, முற்றத்து ஓரத்து சில்வர் ஓக் மரம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. "தீபாவளி முடிஞ்சா எனக்கு இப்படித்தாண்ணா. எவ்வளவு தூங்கினாலும் பத்தல, ஒரு வேலையும் ஓடமாட்டேங்குது. போண்டா, பஜ்ஜின்னு வாய் மட்டும் ஓயாம கேக்குது" என்றான். அதே மூட்டத்தில் வெளியே காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்களின் பேச்சும் சிரிப்பும் உள்ளே வரை கேட்டது. அவர்களுக்குக் கவலையே கிடையாது என்று சொல்ல வரவில்லை; குளிரும் அட்டைக்கடியும் கூலிக் கவலையும் அவர்களுக்குத்தான் அதிகம். ஆனால் இவனுக்கு இல்லாத ஒன்று அவர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

கைபேசியில் வெளிச்சத்தை அளக்கும் செயலி ஒன்று வைத்திருக்கிறேன். துல்லியம் குறைவுதான், ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். முகத்துக்கு நேராக, பார்க்கும் திசையிலேயே பிடித்து அளந்தேன். வெளிச்சத்தின் அளவு லக்ஸ் என்ற அலகில் வரும். தலைக்கு மேல் டியூப் லைட் எரியும் அவன் மேசையில் 130 லக்ஸ். திண்ணையில் 900. முற்றத்தில் இறங்கி நின்றால், அந்த மூட்டத்திலும், 5,000க்குச் சற்று மேல். இரண்டு பேருக்கும் நம்ப முடியவில்லை. உள்ளே பளிச்சென்றும் வெளியே மப்பும் மந்தாரமுமாகவும்தானே இருந்தது!

கண் நம்மை அப்படித்தான் ஏமாற்றும். கெட்ட எண்ணத்தில் அல்ல. நிலா வெளிச்சத்திலும் நடக்க வேண்டும், உச்சி வெயிலிலும் நடக்க வேண்டும் என்பதற்காகக் கண்மணி சுருங்கி விரிகிறது, விழித்திரையின் செல்கள் தம் உணர்திறனைக் கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. அதனால் நாற்பது மடங்கு வித்தியாசம் நமக்கு ஏதோ கொஞ்சம் கூடக் குறைய என்றுதான் படுகிறது. பார்ப்பதற்கு இந்த ஏற்பாடு அருமையானது. நேரம் அறிய உதவாது.

நேரம் அறிய விழித்திரையில் வேறொரு வகை செல் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் நாம் படித்த கோல் செல்லும் கூம்பு செல்லும் அல்ல. மெலனாப்சின் என்ற ஒளியுணர் புரதம் 1998ல் முதலில் தவளையின் தோலில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் புரதம் கொண்ட விழித்திரை செல்கள் தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பதை 2002ல் டேவிட் பெர்சனின் குழு எலிகளில் காட்டியது. நூற்றைம்பது வருடமாக எல்லோரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த விழித்திரையில் இப்படி ஒன்று ஒளிந்திருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். இந்த செல்கள் உருவம் எதையும் காட்டுவதில்லை. எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம் என்று மட்டும் கூட்டிக்கொண்டே போகும், நம் ஊர் மின்சார மீட்டர் மாதிரி. நீல நிறத்தை ஒட்டிய ஒளிக்கு அவை அதிகம் அசைகின்றன. திறந்த வானத்தில் அந்த ஒளிக்குப் பஞ்சமில்லை. பார்வையை முழுதாக இழந்த சிலருக்குக்கூட இந்த மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

கணக்கு போய்ச் சேரும் இடம், மூளையின் அடிப்பகுதியில் சுமார் இருபதாயிரம் நரம்பு செல்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு. அதுதான் உடலின் தலைமைக் கடிகாரம். சங்கடம் என்னவென்றால், பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கடிகாரத்தின் ஒரு நாள் 24 மணி நேரத்தை விடச் சற்று நீளம். சும்மா விட்டால் தினமும் பத்து நிமிடம் போலப் பின்தங்கும். காலை வெளிச்சம்தான் அதை முன்னே தள்ளி நேராக்குகிறது. உடம்புக்கு இரவைச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு நிற்பதும் இதன் பொறுப்பிலேயே. காலை ஒளி கிடைக்காவிட்டால், நாம் பல் துலக்கிக் காப்பி குடித்த பிறகும் உடம்புக்குள் விடியாமலே இருக்கும். போதாததற்கு, எலிகளில் இந்த செல்களிலிருந்து மனநிலையோடு தொடர்புள்ள ஒரு மூளைப் பகுதிக்குத் தனி வழியே போவதையும் பார்த்திருக்கிறார்கள். ஒளிக்கும் மனசுக்கும் இடையே தூக்கம் மட்டுமே பாலம் அல்ல.

குளிர்காலத்தில் வந்து வசந்தத்தில் போகும் இந்தச் சோர்வுக்கு 1984ல் பருவகால மனச்சோர்வு என்று பெயர் வைத்து விவரித்தவர் நார்மன் ரோசந்தால். வெயில் நாடான தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மருத்துவர் அவர். குளிர்காலத்தில் தன்னிடமே அந்த மாற்றத்தைக் கவனித்தவர். வழக்கமான மனச்சோர்வில் தூக்கமும் பசியும் கெடும் என்றால், இதில் பெரும்பாலும் தலைகீழ்: தூக்கம் கூடும், மாவுப் பண்டங்களின் மேல் ஆசை கூடும், எடை ஏறும். என் தம்பியின் போண்டா நினைவுக்கு வருகிறதா?

ஆனால் அவசரப்பட்டு அவனுக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது. ஸ்டாக்ஹோமில் டிசம்பர் பகல் ஆறு மணி நேரம்தான். சேலத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம் இருக்கும். மிக நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால். ஒன்றேகால் மணி நேர வித்தியாசத்துக்கு யாரும் படுத்துவிடுவதில்லை. நம் ஊரில் பகல் சுருங்குவதில்லை, பகலிலிருந்து நாம்தான் சுருங்கிக்கொள்கிறோம். வடகிழக்குப் பருவமழை வந்ததும் ஜன்னலைச் சாத்துகிறோம், நடையை நிறுத்துகிறோம், மொட்டை மாடிக்குப் போவதில்லை. கீழே சேலத்தில் கொலுசுப் பட்டறையிலும் விசைத்தறிக் கொட்டகையிலும் வேலை செய்பவர்களுக்கு டியூப் லைட்தான் சூரியன். ஜவ்வரிசி ஆலைகளில் வெயில் இல்லாமல் உலர்களம் சும்மா கிடக்கும். அங்கே மனசு சோர்வதற்கு மெலனாப்சினைத் தேடிப் போக வேண்டியதில்லை, வருமானமே போதும்.

இன்னொரு வேடிக்கை. சூரியன் மிகத் தாமதமாக எழுவது மார்கழியில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் தை பத்து வாக்கில்தான், சேலத்தில் 6.40ஐத் தாண்டி. பூமியின் சுற்றுப்பாதை சரியான வட்டமாக இல்லாததும் அச்சின் சாய்வும் சேர்ந்து செய்கிற வேலை அது. எனவே மார்கழியில் ஐந்து மணிக்குக் கோலம் போடுவது நல்ல பழக்கம் என்றாலும், இந்த மீட்டருக்கு அதில் ஒன்றும் ஏறாது. கோலம் முடிந்து, விடிந்த பிறகும் வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

எவ்வளவு நேரம்? குளிர்நாடுகளில் ஒளிப்பெட்டி வைத்துச் செய்யும் சிகிச்சையில் 10,000 லக்ஸ் என்றால் காலையில் அரை மணி நேரம், 2,500 என்றால் இரண்டு மணி நேரம் என்று ஒரு கணக்கு உண்டு. அதன்படி ஏற்காட்டு முற்றத்தின் 5,000க்கு ஒரு மணி நேரம் வருகிறது. பெட்டி வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி. சூரியனை நேராகப் பார்க்கவும் வேண்டாம். திறந்த வானத்தின் கீழே இருந்தால் போதும். ஆனால் விழித்திரை நோய் உள்ளவர்களும், மனம் ஒரேயடியாக எழும்பி ஒரேயடியாக விழும் இருதுருவக் கோளாறு உள்ளவர்களும் ஒளிச் சிகிச்சையில் தாமாக இறங்கக் கூடாது. பின்னவர்களுக்கு அது மனத்தை மிதமிஞ்சிக் கிளப்பிவிடலாம்.

வெளிச்சம் மட்டுமே மருந்து என்றும் இல்லை. அமெரிக்காவில் கெல்லி ரோஹன் 177 பேரிடம் செய்த ஆய்வில், ஒளிச் சிகிச்சையும் எண்ணங்களையும் பழக்கங்களையும் சீராக்கும் பேச்சுச் சிகிச்சையும் ஆறு வாரத்தில் சமமாகவே பலன் தந்தன. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது பேச்சுச் சிகிச்சை எடுத்தவர்களிடம்தான் சோர்வு திரும்பி வந்தது குறைவு. போர்த்திக்கொண்டு படுப்பதற்குப் பதில் பிடித்த வேலை ஒன்றை முன்கூட்டியே நாள் குறித்து வைப்பதும் அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு விடாமல் இருந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலோ, இந்த லக்ஸ் கணக்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

தம்பி இப்போது காலை ஆள் கணக்கை மேசைக்கு வரவழைப்பதில்லை. குல்லாவைப் போட்டுக்கொண்டு நோட்டும் கையுமாக முற்றத்திலேயே நின்று எழுதுகிறான். மழை பிடித்துக்கொண்டால் திண்ணைக்கு ஏறிக்கொள்வான். அங்கே 900தான், ஆனாலும் மேசையைப் போல ஏழு மடங்கு.