இதயத்துக்குள் ஒரு வரம்பு

மட்டக்களப்பின் படுவான்கரையில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் இருந்து ஒருநாள் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு துடிப்பு அடுத்தடுத்து வரும். பிறகு ஒன்று பிந்தும். அடுத்தது வந்ததா என்றே தெரியாது. “நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரிக் கிடக்கு மகன்” என்றார். ஈசிஜி எடுத்ததும் பெயர் தெரிந்தது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.

இதயத்தின் வலது மேலறையில் (பள்ளிக்கூடத்தில் சோணையறை என்று படித்தோமே, அதுதான்) ஒரு சின்னத் திசு இருக்கிறது. வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, தண்ணீர் விடும் நேரத்தை வட்டவிதானை சொல்வதுபோல, இதயம் சுருங்கும் நேரத்தைச் சொல்வது இது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை. இந்த நோயில் விதானையின் சொல் எடுபடாது. மேலறைகள் நிமிடத்துக்கு 350க்கும் மேற்பட்ட தாறுமாறான மின்துடிப்புகளால் சுருங்க முடியாமல் நடுங்கும். அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம்.

கலகம் எங்கிருந்து கிளம்புகிறது? பிரான்ஸின் போர்டோ நகரில் மிஷெல் ஐசகேர் குழு 45 நோயாளிகளிடம் தேடிப் பார்த்து 1998இல் பதில் சொன்னது. அகப்பட்ட 69 இடங்களில் 65, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் நாளங்களுக்குள் இருந்தன. மேலறைத் தசை அந்த நாளங்களுக்குள்ளும் கொஞ்சத் தூரம் படர்ந்திருக்கிறது. வேண்டாத துடிப்பு அங்கேதான் பிறக்கிறது. நாளத்தை வெட்டி எறிய முடியுமா? வாயைச் சுற்றி வரம்பு கட்டலாம்.

அதுதான் கதீற்றர் அப்லேஷன். தொடை நாளத்தில் நுழைக்கும் மெல்லிய குழாய் வலது மேலறைக்குப் போய், இடைச்சுவரில் சின்னத் துளையிட்டு இடப்பக்கம் தாண்டும். அதன் நுனியால் நாள வாயைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகச் சுடுவார்கள். பலூனை வைத்து உறைய வைப்பதும் உண்டு. சுட்ட இடம் தழும்பாகும். தழும்பில் மின்சாரம் ஓடாது. இடது மேலறையின் பின்சுவரை ஒட்டினாற்போல் உணவுக்குழாய் கிடப்பதால் சூடு கூடினாலும் ஆபத்து.

சரி, சுட்டதும் தீர்ந்ததா? முதல் சில வாரங்கள் புண் ஆறும்வரை துடிப்பு குழம்பலாம். அதைத் தோல்வி என்று எண்ண மாட்டார்கள். அதற்குப் பிறகும் திரும்பினால் பெரும்பாலும் தழும்பில் எங்கோ இடைவெளி.

“வரம்பில தண்ணி ஒழுகிற நண்டு வளை” என்றார் பெரியப்பா, நான் முடிக்குமுன்.

அதேதான். சிலருக்கு இரண்டாம் தடவை போய் அடைக்க வேண்டிவரும். ஆனால் துடிப்பு சீரானாலும், பாரிசவாத ஆபத்து உள்ளவர்கள் இரத்தம் உறையாமலிருக்கப் போடும் குளிசையைத் தாங்களாக நிறுத்தக்கூடாது என்றபோதுதான் அவர் முகம் சுருங்கியது.