தெற்கே விழும் நிழல்

"விண்வெளி முகாம் என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் தண்ணீர் ரொக்கெட் விட்டோம், சரி. இரண்டாம் நாள் முழுக்க முற்றத்தில் தடி நட்டு நிழலை அளக்கச் சொன்னார்கள். இதுவா விண்வெளி விஞ்ஞானம்?" யாழ்ப்பாணத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்வந்த ஆசிரியை ஒருவர் இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல வெயிலில் நின்றிருக்கிறார் என்பது கேள்வியிலேயே தெரிகிறது.

ரொக்கெட்டில் எனக்குச் சொல்ல அதிகமில்லை டீச்சர். போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சத்துக்குச் சைக்கிள் பம்பால் அடித்த காற்று. தண்ணீர் கீழே பாய, போத்தல் மேலே போகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, நீங்களே படிப்பிப்பது. என் மனம் அந்தத் தடியில்தான் நிற்கிறது.

நடுப்பகலில் தடியின் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டுப் பாருங்கள். மத்தியகோட்டுக்கு வடக்கே இருக்கிறோம், சூரியன் தெற்கே நிற்கும், ஆகவே நிழல் வடக்கே விழும் என்பார்கள். லண்டனில் இருக்கிற அண்ணாவுக்கு அது பன்னிரண்டு மாதமும் சரி. எங்களுக்கு ஏழரை மாதம்தான் சரி. மிச்ச நாலரை மாதமும் யாழ்ப்பாணத்தில் நடுப்பகல் நிழல் தெற்கே விழுகிறது! இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் முப்பது வயதுக்குப் பிறகுதான் அதைக் கவனித்தேன்.

பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால், சூரியன் நேர் உச்சியில் நிற்கும் இடம் வருடம் முழுக்க வடக்கும் தெற்குமாக நகர்கிறது. யாழ்ப்பாணத்தின் அகலாங்கு ஏறத்தாழ 9.66 பாகை வடக்கு. பகலும் இரவும் ஒத்து நிற்கும் மார்ச் 20, 21இல் ஒரு மீற்றர்த் தடியின் நடுப்பகல் நிழல் இங்கே 17 சென்ரிமீற்றர், வடக்கே. பிறகு நாளுக்கு நாள் குறுகி, ஏப்ரல் 14 அல்லது 15இல் இல்லாமலே போகிறது. அதன் பின் மறுபக்கம் முளைத்து, ஜூன் 21இல் தெற்கே இருபத்துநாலரை சென்ரிமீற்றர் வரை நீளும். ஆகஸ்ட் 28 அளவில் மீண்டும் பூச்சியம். டிசெம்பர் 21இல் வடக்கே 65 சென்ரிமீற்றர். சித்திரை பிறக்கும் காலத்தில் வளிமண்டலவியல் திணைக்களம் ஊர் ஊராகப் பெயர் சொல்லி, இன்று இந்த இடங்களுக்குச் சூரியன் உச்சம் கொடுக்கும் என்று அறிவிக்கிறதே, அது இந்தக் கதைதான். ஏப்ரல் 5 அளவில் தெற்குக் கரையில் தொடங்கி, பத்து நாளில் எங்களிடம் வந்து சேர்கிறது.

நிழல் இல்லாத அந்த நாளில் கடிகாரத்தின் 12 மணியை நம்பி நின்றால் ஏமாறுவீர்கள். எங்கள் கடிகாரம் 82.5 பாகை நெட்டாங்குக்கு உரியது. யாழ்ப்பாணம் 80 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிடம். ஆகவே எங்கள் உண்மையான நடுப்பகல் அன்று 12.10 அளவில். ஒரு மீற்றர்த் தடியின் நிழல் மேற்கிலிருந்து நாலு நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் சென்ரிமீற்றர் வீதம் அடிக்குள் சுருண்டு, அதே வேகத்தில் கிழக்கே வெளிப்படும். கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூமி திரும்புகிறது.

ஆனால் நிழலின் நுனி மங்கலாக இருக்கும். சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமான தட்டு. அதனால் விளிம்பு கரைந்துபோகும். தடியின் தலையில் ஒரு மட்டையைக் கிடையாக வைத்து, அதில் ஊசியால் ஒரு துளை போடுங்கள். நிலத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து அதன் அகலம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். துளையைச் சதுரமாக வெட்டினாலும், சின்னதாக இருக்கும் வரை பொட்டு வட்டமாகத்தான் விழும், ஏனென்றால் அது துளையின் வடிவமல்ல. சூரியனின் படம். அந்தப் பொட்டின் நடுவை அளந்தால் மங்கல் தொல்லை தீர்ந்தது.

2019 டிசெம்பர் 26 காலை, சூரியன் வளையமாகத் தெரியும் கங்கண சூரிய கிரகணத்தின்போது, எங்கள் வேப்பமரத்தின் கீழே மேகம் விலகிய நேரமெல்லாம் நூறு மோதிரங்கள் கிடந்தன. இலை இடைவெளி ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளை. அயல் வீடுகளில் கதவு யன்னல் எல்லாம் பூட்டு. அடுப்பு மூட்டவில்லை, பிள்ளைத்தாய்ச்சியை முற்றத்துக்கு விடவில்லை. பல வருடங்களுக்கு ஒருமுறை வரும் காட்சியைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்து தவறவிட்டார்களே என்ற வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கையும் உண்டு. சித்திரைப் புத்தாண்டன்றே யாழ்ப்பாணத்துக்குச் சூரியன் உச்சம் கொடுப்பதைக் காட்டி, பார், முன்னோர் கணித்து வைத்தார்கள் என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இல்லை. புத்தாண்டு விண்மீன்களை வைத்துக் கணிக்கப்படுவது. சூரியன் மேட ராசிக்குள் புகும் நாள். பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தலையாட்டுவதால், அந்த நாள் அறுபது எழுபது வருடத்துக்கு ஒன்று வீதம் பின்னே தள்ளிப்போகிறது. முன்னூறு வருடங்களுக்கு முன் புத்தாண்டன்று சூரியன் எங்களுக்குத் தெற்கே, தம்புள்ளை அளவில்தான் உச்சியில் நின்றிருக்கும். எங்கள் தலைக்கு மேல் இப்போது வந்திருப்பது தற்செயல். எனக்கென்னவோ தற்செயல்தான் கூடுதலாக இனிக்கிறது.

தடி விண்வெளி விஞ்ஞானமா என்றால், 2004இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஒப்பர்சூனிட்டி ஊர்திகளின் முதுகில் ஒரு குட்டித் தடி இருந்தது. கமராவின் நிறங்களைச் சரிபார்க்க வைத்தது. அதன் நிழல் சூரியக் கடிகாரமாகவும் பயன்பட்டது. நாட்டில் மொரட்டுவையில் 45 சென்ரிமீற்றர் அகல ஆடியுள்ள தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதைவிடப் பெரியது வரட்டும், வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அலுமாரிக்குள் பூட்டி, தூசி தட்டாமல் கிடக்கும் சின்னத் தொலைநோக்கிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆசிரியருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்கும் காசை முதலில் ஒதுக்குங்கள், கருவி பிறகு வரட்டும்.

நிழலால் பூமியை அளந்த பழைய கிரேக்க அறிஞர் எரதோஸ்தனிஸ் கதை உங்களுக்குத் தெரியும்: எகிப்தில் ஒரே நடுப்பகலில் தெற்கே சையீனில் நிழலில்லை, வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழலின் கோணம் 7.2 பாகை, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை வைத்துப் பூமியின் சுற்றளவு அகப்பட்டது. வருகிற புத்தாண்டில் யாழ்ப்பாணம்தான் எங்கள் சையீன். தெற்கிலிருந்து முகாமுக்கு வந்த யாராவது மாத்தறையில் இருந்தால் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுங்கள். உங்கள் தடிக்கு நிழல் இல்லாத அதே நடுப்பகலில் அங்கே ஒரு மீற்றர்த் தடியின் நிழல் தெற்கே ஆறு, ஆறரை சென்ரிமீற்றர் வரும். சூரியக் கதிர் தடியோடு செய்யும் கோணம் மூன்றரைப் பாகைக்கும் மூன்றே முக்காலுக்கும் இடையில். வரைபடத்தில் வடக்கு தெற்காக நேர்கோட்டில் அளந்தால் தூரம் ஏறத்தாழ 410 கிலோமீற்றர்; வீதித் தூரத்தைப் போட்டுவிடாதீர்கள், கணக்குக் கெட்டுவிடும். 360ஐ அந்தக் கோணத்தால் பிரித்து, தூரத்தால் பெருக்கினால் 40,000 கிலோமீற்றருக்குக் கிட்ட நிற்பீர்கள்.

பொங்கல் வேலையில் அவர்கள் தொலைபேசியை எடுக்கப் பிந்தலாம். அன்று மாத்தறையிலும் புத்தாண்டுதான்.