கிராம சபையில் கையெழுத்துப் போடுமுன்

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாரும் தங்கள் ஊராட்சியின் கிராம சபைக்கு உறுப்பினர்கள்தான். யாரும் பார்த்துச் சேர்க்க வேண்டியதில்லை. உசிலம்பட்டிப் பக்கத்தில் போன மாதம் பட்டியலில் பெயர் ஏறிய பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும், இருபது வருடமாக அரசியலில் இருக்கிறவருக்கும் அங்கே ஒரே தகுதி. சட்டமன்றத்தில் நாம் அனுப்பியவர்கள் பேசுவார்கள். இங்கே நாமே போய்ப் பேசலாம். மக்கள் பங்கேற்கும் ஜனநாயகம் என்று மேடையில் சொல்லப்படுவதற்கு நம் ஊரில் கண்ணால் பார்க்கக்கூடிய வடிவம் இதுதான்.

மேடை என்றதும், அங்கே பெருமையாகச் சொல்லப்படும் சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வரும். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஆளெடுக்கும் அந்தக் குடவோலை முறையில் ஒருவர் பெயரை எழுத வேண்டுமென்றால் அவருக்கு வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். இப்போதைய சபை அதெல்லாம் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் பெருமைப்பட வேண்டியது இதற்குத்தான்.

சட்டப்படி பார்த்தால், ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து வந்த 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3-வது பிரிவு கிராம சபையைப் பற்றியது. முன்பு வருடத்துக்கு நான்கு கூட்டங்கள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-ல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்க்கப்பட்டு ஆறாயின. பண்டிகை, மழை என்று தேதி தள்ளிப்போவதும் உண்டு. ஆகவே ஏழு நாளுக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்ற விதியை மறக்க வேண்டாம். குறைந்தபட்சம் எத்தனை பேர் வர வேண்டும் என்பது மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

சிக்கல் இந்த எண்ணிக்கையில்தான் ஆரம்பிக்கிறது. ஆள் சேரவில்லை என்றால் நூறு நாள் வேலைத் தளத்துக்கு நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருவது பல ஊர்களில் பழகிப்போன காரியம். "சும்மா ஒரு கையெழுத்துதாம்மா" என்பார்கள். சும்மா இல்லை. பக்கம் முழுக்கக் கையெழுத்து இருந்து, தீர்மானம் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தால், பிறகு அதில் எது ஏறினாலும் அதற்குச் சம்மதித்தவர் நீங்கள். மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக 1969-ல் பிரித்துக் காட்டினார் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர். மக்களின் ஒப்புதல் இருப்பதாக ஜோடித்துக் காட்டுவது அதில் அடிப்படி. தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் நடுப்படிகள். முடிவெடுக்கும் அதிகாரத்தில் பங்கு கிடைப்பது மேற்படிகளில்தான். வேலைத் தளத்தில் வாங்குகிற கையெழுத்து எந்தப் படி என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

கூட்டத்துக்குப் போனதும் முதலில் தேட வேண்டியது படிவம் 30. ஊராட்சியின் வரவு செலவுச் சுருக்கம் அதில் இருக்கும். பெரும்பாலும் பிளக்ஸில் அடித்துக் கட்டியிருப்பார்கள், சில இடங்களில் வேகமாக வாசித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். நிறுத்திக் கேளுங்கள். குடிநீர்க் குழாய் பராமரிப்பு என்று ஒரு தொகை இருந்தால் எந்தத் தெரு, எந்தக் குழாய் என்று கேட்கலாம். தணிக்கை அறிக்கை, பயனாளிகள் பட்டியல், அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டம் எல்லாம் சபையின் முன் வைக்கப்பட வேண்டியவைதான்.

கேட்பது ஒன்று, எழுத வைப்பது வேறொன்று. "தெருவிளக்கு எரியவில்லை" என்று சத்தம் போட்டால் "பார்க்கிறோம்" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. "மேலத்தெரு பள்ளிவாசல் தொடங்கி ஊருணி வரை நான்கு கம்பங்களில் விளக்கு எரியவில்லை, பொது நிதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் சரிசெய்ய இச்சபை தீர்மானிக்கிறது" என்று முன்கூட்டியே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். தீர்மானப் பதிவேட்டில் அது வரிசை எண்ணோடு ஏறி, கூட்டத்தில் வாசிக்கப்பட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

தீர்மானத்துக்கு எவ்வளவு பலம் என்பதை மேலூர்ப் பக்கத்தில் பார்த்தோம். அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அதையும் சேர்த்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் 2024 நவம்பரில் ஏலம் போனது. தள்ளிவைக்கப்பட்டிருந்த கிராம சபைக் கூட்டங்கள் அந்த மாதம் 23-ஆம் தேதி நடந்தபோது, அந்த வட்டாரத்தின் பல ஊராட்சிகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ல் மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் திரண்டு மதுரைத் தல்லாகுளம் வரை வந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது.

இதைச் சொல்லி, கிராம சபை நினைத்தால் சுரங்கத்தை நிறுத்திவிடலாம் என்று சிலர் பேசுகிறார்கள். அப்படி இல்லை. அந்த ஏலம் ஒன்றிய அரசின் கையில் இருந்தது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கூடுதல் அதிகாரம் கொடுக்கிறது, ஆனால் தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி எதுவும் கிடையாது. தீர்மானம் கொடுத்தது தடையாணை அல்ல. ஊர் என்ன சொல்கிறது என்பதற்கு மறுக்க முடியாத ஓர் அரசாங்க ஆவணத்தைக் கொடுத்தது. மீதியை மக்கள் தெருவில் இறங்கித்தான் வாங்கினார்கள்.

இதே மதுரை மாவட்டத்தின் இன்னொரு கதையையும் சொல்லாமல் விட முடியாது. 1996-ல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி ஆதிதிராவிடர்களுக்கு ஒதுக்கப்பட்டது. சாதி எதிர்ப்பைத் தாண்டி ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர் நாற்காலியில் உட்கார 2006 வரை ஆனது. அதேபோல் ஒதுக்கப்பட்ட மேலவளவில் தேர்வான தலைவர் முருகேசன் 1997-ல் உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். எல்லாரும் உறுப்பினர் என்று சட்டம் எழுதிவிடலாம். கூட்டத்தில் யார் நாற்காலியில் உட்காருகிறார், யார் ஓரமாக நிற்கிறார், யார் பேச எழுந்ததும் சலசலப்பு வருகிறது என்பதைப் பார்த்தால்தான் அந்த ஊரில் சபை நடக்கிறதா என்று தெரியும். 2021 அக்டோபர் 2-ல் முதலமைச்சர் ஸ்டாலின் கிராம சபைக்கு வந்தது இதே பாப்பாபட்டிக்குத்தான்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லை என்பதால் சபை இல்லாமல் போகாது. மதுரை மாநகராட்சிக்காரர்களுக்கு இதே வேலையைச் செய்ய ஏரியா சபை உண்டு. நூறு வார்டிலும் கவுன்சிலர் தலைமையில் வார்டு கமிட்டி, அதன் கீழே பகுதி பகுதியாக ஏரியா சபைகள். கிராம சபை அளவுக்கு அது இன்னும் ஜனங்களிடம் பழகவில்லை.

கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்துத் தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். கையில் தர மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு போடலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். ஊராட்சி பெயர், கூட்டம் நடந்த தேதி, "தீர்மானப் பதிவேடு மற்றும் வருகைப் பதிவேட்டின் சான்றொப்பமிட்ட நகல்" என்று எழுதினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை.