பந்தடிக்கும் பிள்ளைகளிடம் யார் பேசுவது?

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கேரள எல்லை வரை நீளும் இந்தக் குமரி மாவட்டக் கடற்கரையில் பதினைந்து வயதுப் பையன் தானாக ஆஸ்பத்திரிக்கு வருவது அபூர்வம். காய்ச்சல் என்றால் அம்மா இழுத்து வருவார். இடுப்புக்குக் கீழே ஏதாவது என்றால் வாயே திறக்க மாட்டான். அப்பா பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குக் கொச்சிக்கோ குஜராத்துக்கோ போயிருப்பார், திரும்ப வாரக்கணக்காகும். பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் உண்டு. "அத வீட்டுல வாசிச்சுக்கிடுங்க" என்று தாண்டிப் போகிற வகுப்புகளும் உண்டு. மிச்சம் செல்போன்தான்.

ஆனால் சாயங்காலம் அவன் எங்கே இருப்பான் என்று ஊருக்கே தெரியும். மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் டிராபி கால்பந்துப் போட்டியில் ஆடியவர்கள் பிறந்த கரை இது. அப்பா பேச்சைக் கேட்காதவன்கூட, கிளப்பில் மூத்த ஆட்டக்காரர் "லே, இங்க வா" என்றால் ஓடி வருவான். அதனால்தான் சொல்கிறேன், பாலியல் நலம் பற்றி முதலில் பாடம் எடுக்க வேண்டியது பயிற்சி கொடுக்கும் அண்ணன்மாருக்கு. எடுத்த எடுப்பில் எய்ட்ஸ் வேண்டாம். பிள்ளைகளுக்கு நோகிற இடத்திலிருந்து தொடங்கலாம்.

விரை முறுக்கு என்று ஒன்று இருக்கிறது. விரைக்கு ரத்தம் கொண்டுபோகும் நரம்புக்கட்டு முறுக்கிக்கொண்டு ரத்தம் நின்றுவிடும். 12 முதல் 18 வயதில்தான் அதிகம். அடிபட்டும் வரலாம், தூக்கத்திலும் வரலாம். திடீரென்று வலி, கூடவே வாந்தி, ஒரு பக்கம் மேலேறி வீங்கியிருக்கும். 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நடப்பதோ வேறு. பையன் வெட்கப்பட்டு "வயிறு நோவுது" என்பான். அம்மா கேஸ் மாத்திரை கொடுப்பார். மறுநாள் கொண்டு வரும்போது விரை கருத்துப் போயிருக்கும், எடுத்துவிடுவது தவிர வழியில்லை. ஒன்று இருந்தாலும் பிள்ளை பிறக்கும் என்று அந்த அம்மாவிடம் சொல்லலாம்தான். ஆனால் அந்த 6 மணி நேரத்தில், இங்கிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே மைதானத்தில் ஒரு பையன் கீழே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் சிரிக்கக் கூடாது, வலி அடங்கவில்லையென்றால் 108-ஐ அழைக்க வேண்டும். இது ஒன்று கிளப்பில் நிலைத்துவிட்டால் மற்றதெல்லாம் பேசுவது சுலபம்.

அடுத்து அவர்களே கேட்பது, "ராத்திரி தானா போனா ஸ்டாமினா போயிருமா அண்ணா?" போகாது. ஒரு சொட்டு விந்துக்கு நாற்பது சொட்டு ரத்தம் என்பது லாட்ஜில் அறையெடுத்து லேகியம் விற்பவர்கள் பிழைக்கும் கணக்கு. ரத்தத்திலிருந்து விந்து காய்ச்சி இறக்கப்படுவதில்லை. தொடையிடுக்கு அரிப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும் அப்படித்தான். இரண்டு நாள் அடங்கும், பிறகு படர்தாமரை முன்னைவிட அகலமாகத் திரும்பும்.

எச்.ஐ.வி. பற்றிப் பேச நல்ல வழி ஒன்று ஜிம்பாப்வேயில் பிறந்தது. அங்கே 2002-இல் முன்னாள் கால்பந்து ஆட்டக்காரர்கள் தொடங்கிய கிராஸ்ரூட் சாக்கர் அமைப்பு, விளையாட்டையே பாடமாக்கியது. தரையில் வைக்கும் கூம்புகளுக்கு ஆபத்துகளின் பெயர்: ஆணுறை இல்லாத உறவு, குடி, பல பேரோடு உறவு. பந்தோடு ஓடுகிறவன் கூம்பில் மோதினால் அவனுக்குப் புஷ்-அப். அடுத்த சுற்றில் அவன் மோதினால் கூட்டாளிகளுக்கும் சேர்த்து. ஒருத்தன் தப்பு இன்னொருத்தன் கைவலியாகும்போது விஷயம் பிடிபடுகிறது. கூம்புக்குப் பதில் செருப்பு போதும், நம் பிள்ளைகளுக்குப் பழக்கம்தான். பிறகு கேள்வி கேட்க 1097 இலவச எண்ணையும் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் கிடைக்கும் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தையும் சொல்லிவிடலாம்.

பெண் பிள்ளைகள் அணிக்கு நர்ஸ் அக்கா பேசட்டும். மாதவிடாய் நாளில் ஆடலாம், தடையில்லை. கடும் பயிற்சியும் குறைந்த சாப்பாடுமாக இருந்து மூன்று மாதம் வராமல் போனால், "ஓட்டம் ஜாஸ்தி, அதான்" என்று விடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். எலும்பும் சேர்ந்து மெலியும்.

"இதெல்லாம் பேசினா பிள்ளைக கெட்டுப்போகாதா டாக்டரே?" என்று அம்மாமார் கேட்பது நியாயம். ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, பாலியல் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரம் உறவில் இறங்குவதில்லை என்றுதான் சொல்கிறது.

எனக்கு உள்ள பயம் வேறு, பயிற்சியாளர் பற்றியது. வெளியூர் டோர்னமென்ட், தனி அறை, மசாஜ் என்று பிள்ளையோடு தனித்திருக்க ஆயிரம் சாக்கு கிடைக்கும். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாகத் தங்கக் கூடாது, மசாஜ் என்றால் நாலு பேர் பார்க்க நடக்க வேண்டும் என்று கிளப் எழுதி ஒட்டட்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நம்பி ஒப்படைத்த இடத்தில் இருப்பவர் செய்தால் தண்டனை இன்னும் கடுமை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் குற்றம். ஊர்க் கமிட்டியில் உட்கார்ந்து பேசித் தீர்க்கிற சமாச்சாரமில்லை இது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போலீசுக்கோ அன்றைக்கே போக வேண்டும்.