போட்டோவில் அப்பா ஏன் சிரிப்பதில்லை?

"எங்க கூட்டிட்டுப் போனாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறார் சார். காசு செலவாகுதுன்னு கோபம் போல."

முழங்கால் வலிக்காக அப்பாவை அழைத்து வந்த மகன் போகிற போக்கில் சொன்னது. அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டிவிட்டார். பக்கத்து நாற்காலியில் பேசாமல் இருந்தார். அவர் கண் இமைப்பதே குறைவாக இருந்ததைக் கவனித்தேன். வெளியே போனபோது எடுத்த படங்கள் இருந்தால் காட்டுங்கள் என்று மகனிடம் கேட்டேன்.

கடைசியாகப் போனது அழகர்கோவில். எல்லோரும் சிரிக்கிறார்கள், அவர் மட்டும் வெறித்துப் பார்க்கிறார். அதற்கு முந்தைய வருடம் கீழடி அருங்காட்சியகம். உதட்டில் லேசான அசைவு, அவ்வளவுதான். இன்னும் பின்னால் தள்ளினால், ஒரு தைத் தெப்பத்தன்று வண்டியூர் தெப்பக்குளக் கரையில் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். திருமலை நாயக்கர் மகாலில் எடுத்த வீடியோ ஒன்றும் இருந்தது. தூண்களுக்கு நடுவே நடந்து வருகிறார். வலது கை வீசுகிறது, இடது கை உடம்போடு ஒட்டியபடியே வருகிறது.

வீட்டு முகவரியை எழுதச் சொன்னேன். முதல் வரி சரியாக இருந்தது. மூன்றாவது வரிக்குள் எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டது. மணிக்கட்டை அசைத்துப் பார்த்தால் விறைப்பு. பார்க்கின்சன் நோயாக இருக்கலாம் என்று நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன், அவரும் உறுதி செய்தார். கை நடுக்கம் இல்லாததால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும்.

மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குறையும்போது உடம்பின் அசைவுகள் மெதுவாகின்றன. முகத் தசைகளுக்கும் அதே கதிதான். உள்ளே சந்தோஷம் இருக்கும், முகத்துக்கு வந்து சேராது. இதை மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது பெரியவர் மெல்லிய குரலில் சொன்னார்: "நான் சிரிச்சுக்கிட்டுத்தான் சார் இருந்தேன்."

மகன் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

சிரிக்காத அப்பாக்கள் எல்லோருக்கும் இந்த நோய் என்று நினைத்துவிடாதீர்கள். மனச்சோர்வும் தைராய்டு குறைபாடும்கூட முகத்தை இப்படி ஆக்கும். தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் விழுங்கும் சின்னரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு போன்ற மாத்திரைகள் பார்க்கின்சன் அறிகுறிகளையே கொண்டுவரும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், மனது கஷ்டமாக இருக்கிறது. மருத்துவர் பார்த்து அந்த மாத்திரையை நிறுத்தினாலே பலருக்குச் சரியாகிவிடும். போட்டோவை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் தினமும் பார்க்கிற முகத்தில் நமக்குத் தெரியாத மாற்றம், நான்கு வருடப் படங்களை வரிசையாகப் பார்த்தால் தெரியும். கூடவே மலச்சிக்கல், வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கத்திக் கை காலை வீசுவது எல்லாம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை சிலருக்குப் பல வருடங்கள் முன்பே வந்துவிடும்.

நோய் என்று தெரிந்தபின் வெளியே கூட்டிப் போவதை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை நேரம் தவறக் கூடாது. போகிற இடத்தில் கழிப்பறை எங்கே என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்று அப்பா சொல்வதற்குப் பாதி நேரம் அவசரத்துக்குக் கழிப்பறை கிடைக்காதோ என்ற பயம்தான் காரணம். படம் எடுக்கும்போது "சிரிங்கப்பா, சிரிங்கப்பா" என்று வற்புறுத்த வேண்டாம். அவர் நடந்து வருவதையும் பத்து விநாடி வீடியோ எடுத்து வையுங்கள், அடுத்த முறை மருத்துவரிடம் காட்ட உதவும்.

மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அங்கே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடி வீதியைச் சுற்றி வாருங்கள். பின்தங்குகிறாரா, திரும்பும்போது சின்னச் சின்ன அடியாக எடுத்து வைக்கிறாரா என்பது தெரிந்துவிடும். அப்புறம் பொற்றாமரைக் குளக்கரையில் உட்கார்ந்தால், எழுந்திருக்க அவருக்கு நேரமாகும். கை கொடுங்கள், அவசரப்படுத்த வேண்டாம்.