மூலநிலையும் எண்ணிசைவும்: பழைய அமெரிக்க மசில் கார் குறித்த சொல் விளக்கம்

மசில் கார் எனப்படும், பெரிய எஞ்சின் கொண்ட பழைய அமெரிக்கக் கார்களை வாங்குவோரும் விற்போரும் ‘ஒரிஜினல்’, ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்னும் இரண்டு சொற்களை அடுத்தடுத்துச் சொல்வதால், இரண்டும் ஒரே பொருளைத் தருபவை என்ற எண்ணம் பலரிடம் பதிந்திருக்கிறது. உண்மையில் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். ஆலையை விட்டு வெளிவந்தபோது இருந்த நிலை இன்று எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை முன்னது கூறுகிறது. காரின் அடையாள எண்ணும், எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் பொறிக்கப்பட்ட எண்களும் ஒத்துப்போகின்றனவா என்பதைப் பின்னது கூறுகிறது.

‘ஒரிஜினல்’ என்பதன் அடி, தோன்றுதல், எழுதல் எனப் பொருள்படும் லத்தீன் வினைச்சொல். தமிழில் அதற்கு ஈடாக நாம் சொல்லும் ‘அசல்’, வேர் என்று பொருள்தரும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கடன் கணக்கில் அது வட்டிக்கு எதிராகவும், ஆவணத்தில் நகலுக்கு எதிராகவும், கடைச் சரக்கில் போலிக்கு எதிராகவும் நிற்கிறது. இந்த மூன்றாவது வழக்குதான் கார் விஷயத்தில் இடறுகிறது. இத்துறையில் ‘ஒரிஜினல்’ என்பதற்கு எதிர்நிலை, பிரித்துப் பழுது நீக்கி, புது வண்ணமும் புது மெத்தையும் ஏற்றப்பட்ட ‘ரெஸ்டோர்டு’ கார். அந்தக் கார் போலியானது என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் ஆலை பூசிய வண்ணம் அதில் இல்லை. ஆகவே ‘அசல்’ என்பதைவிட ‘மூலநிலை’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன். ‘நிலை’ என்று சேர்ப்பதால், முழு மூலநிலை, பகுதி மூலநிலை என்று அளவு குறித்துப் பேசவும் வழி உண்டாகிறது. ‘ரெஸ்டோர்டு’ என்பதற்கு ‘மீட்டமைத்த’ என்பது போதும். 1935-இல் தொடங்கப்பட்ட ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்கா, ஆலையில் அமைந்த மூல அம்சங்கள் மாறாமல் காக்கப்பட்ட கார்களுக்கென்று தனிப்பிரிவே வைத்திருக்கிறது. மீட்டமைத்த கார்களோடு அவற்றை ஒரே தட்டில் வைத்து மதிப்பிடுவது முறையாகாது என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்பதை ‘எண்ணிசைவு’ எனலாம். இந்த இசைவைச் சரிபார்க்கும் முறையை விளக்க, 1969-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. மடிகூரைக் (கன்வெர்டிபிள், அதாவது கூரையை மடக்கக்கூடிய) காரைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. அதன் அடையாள எண்ணில் முதல் இலக்கமான 2 ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவையும், அடுத்த 42 ஜி.டி.ஓ. வரிசையையும், 67 மடிகூரை உடலையும், அதன்பின் வரும் 9 ஆண்டையும் குறிக்கும். பிறகு ஆலைக்குரிய ஓர் எழுத்தும் ஆறு இலக்கத் தொடரெண்ணும் வரும். எஞ்சினின் முன்பக்கத்தில் பிரிவின் இலக்கம், ஆண்டு, ஆலை எழுத்து, அதே ஆறு இலக்கங்கள் என்று சுருக்கமாகப் பொறித்திருப்பார்கள். எஞ்சின் வகையைச் சொல்லும் இரண்டு எழுத்துகளும், வார்ப்பு நாளைச் சொல்லும் குறியீடும் தனித்தனியே இருக்கும். வார்ப்பு நாள் கார் ஆலையில் உருவான நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பிந்தியிருந்தால் அது பிற்காலத்தில் ஏற்றிய எஞ்சின்.

எண்கள் அனைத்தும் இசைந்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடுமா? தீராது. அதற்கான காரணம் இந்தக் காரின் பிறப்பிலேயே இருக்கிறது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள எஞ்சினை வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளுக்கு விதித்திருந்த வரம்பைத் தாண்டும் வழியாக, 1964-இல் பான்டியாக் பிரிவு 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாக அறிவிக்காமல், லெமான்ஸ் காருக்கான விருப்பத் தொகுப்பாக (வாங்குபவர் கூடுதல் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ‘ஆப்ஷன்’) விற்றது. அதனால் 1964, 1965 ஆண்டுகளின் அடையாள எண்ணில் ஜி.டி.ஓ. என்பதற்கான குறியே கிடையாது. 1966-இல்தான் தனி வரிசை எண் கிடைத்தது. 1969-இல் வந்த ‘தி ஜட்ஜ்’ மறுபடியும் ஜி.டி.ஓ.வுக்கான ஒரு விருப்பத் தொகுப்பு. அந்த ஆண்டு 108 மடிகூரை ஜட்ஜ்களே செய்யப்பட்டன. ஜட்ஜுக்கு இயல்பாகக் கிடைத்த ராம் ஏர் 3 எஞ்சினைச் சாதாரண ஜி.டி.ஓ. வாங்கியவரும் கூடுதல் பணம் கொடுத்துப் பெற முடிந்தது. எனவே அந்த எஞ்சினோடு பிறந்த ஒரு சாதாரண மடிகூரை ஜி.டி.ஓ.வுக்குப் பின்பக்க ஸ்பாய்லரும் வண்ணப் பட்டைகளும் ஒட்டி ஜட்ஜ் என்று விற்றால், அடையாள எண்ணும் எஞ்சின் எண்ணும் குறையின்றி இசையும். கார் மட்டும் ஜட்ஜ் ஆகாது. இதைத் தீர்ப்பது தாள்தான். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ், ஆலை அனுப்பிய விலைப்பட்டியலின் படியை வழங்குகிறது. நிலத்துக்கு மூலப்பத்திரம் போன்றது அது. அதில் ஜட்ஜ் தொகுப்புக்கான வரி இல்லையென்றால் விலைப் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

கிரைஸ்லர் கார்களில் எஞ்சின் வகையை அடையாள எண்ணே சொல்லிவிடுவதால் இந்தத் தொல்லை குறைவு. 1971-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் பிளிமத் குடா காரின் அடையாள எண்ணில் ஐந்தாம் இடத்தில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால், அது 426 ஹெமி எஞ்சினோடு வெளிவந்த கார்.

மடிகூரைக்கே உரிய சோதனையும் உண்டு. கூரையின் வலு இல்லாததால், ஜெனரல் மோட்டார்ஸின் நடுத்தர அளவு மடிகூரைக் கார்களுக்கு நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவ அடிச்சட்டம் (சேஸி) கொடுத்தார்கள். கூரையுள்ள காரை வெட்டி மடிகூரையாக மாற்றியவர்களின் வேலையை, காரைத் தூக்கி அடியில் பார்த்தால் அடிச்சட்டமே காட்டிக்கொடுத்துவிடும்.

இசைவின்மை எப்போதும் குற்றமும் ஆகாது. ஷெவர்லே எஞ்சினின் எண்கள் சிலிண்டர் ஹெட் அமரும் தளத்தோடு சேர்ந்த பகுதியில் இருப்பதால், நேர்மையான மெக்கானிக் அத்தளத்தைச் சமப்படுத்தும்போதே அவை அழிந்துவிடும். உத்தரவாதக் காலத்தில் பழுதாகி, நிறுவனமே மாற்றிக் கொடுத்த எஞ்சின்களும் உண்டு. அழிந்த இடத்தில் வேண்டிய எண்ணைப் புதிதாக அடிப்பதுதான் ஏமாற்று. அதனை ‘ரீஸ்டாம்ப்’ என்கிறார்கள். தமிழில் ‘மறுபொறிப்பு’ என்று எழுதலாம். எண் இல்லாத எஞ்சினை எண் இல்லாதது என்றே சொல்லி விற்பவரை, மறுபொறிப்புச் செய்து எண்ணிசைவு காட்டுபவரைவிட நூறு மடங்கு மதிக்கிறேன்.