யூசர் மேனுவலைத் திறப்பவர் ஏற்கெனவே சிக்கலில் இருக்கிறார்

பில்லிங், கணக்கு மென்பொருள்களுக்கு யூசர் மேனுவல் எழுதுவது என் தொழில். மற்றவர்கள் எழுதியவையும் திருத்தத்துக்கு வரும். அவற்றில் அடிக்கடி கண்ணில் படுவது இப்படிப்பட்ட வரிதான்: "இன்வாய்ஸ் எண்: இங்கே இன்வாய்ஸ் எண்ணை உள்ளிடவும்." திரையில் இருப்பதையே திரும்பச் சொல்கிற வரி. தப்பு என்று எதையும் சுட்ட முடியாது. படிப்பவருக்குப் பிரயோஜனமும் கிடையாது.

அந்தப் பக்கத்தை யார், எப்போது திறக்கிறார் என்று யோசிக்க வேண்டும். விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை மாதாமாதம் தாக்கல் செய்கிற கடைக்கு அடுத்த மாதம் 11ஆம் தேதி கெடு. முந்தின நாள் சாயங்காலம் கணக்கர் ஃபைலை ஏற்றுகிறார், எரர் வருகிறது. முதலாளி பக்கத்தில் நிற்கிறார். அப்போது அவருக்கு வேண்டியது இதுதான்: "இன்வாய்ஸ் எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்து, எண், சிறுகோடு, சாய்வுக்கோடு மட்டுமே வரலாம். ஒரே நிதியாண்டில் ஒரே எண்ணை இரண்டு பில்லுக்குப் போடக் கூடாது." ஜிஎஸ்டி விதி 46இல் உள்ளவைதான் இவை. டெவலப்பருக்கும் தெரியும், புரோகிராமில் சரிபார்ப்பும் வைத்திருப்பார். மேனுவலுக்கு மட்டும் அது வந்து சேர்வதில்லை.

ஏன் வருவதில்லை? ரிலீஸுக்குச் சில நாள் முன்புதான் மேனுவல் வேலை தொடங்குகிறது. கையில் கிடைப்பது திரைகளின் பட்டியல். ஒவ்வொரு திரையாக, ஒவ்வொரு கட்டமாக எழுதிக்கொண்டே போகிறோம். சந்தேகம் கேட்டால், "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று பதில் வரும். அந்த மென்பொருளோடு வருடக்கணக்கில் பழகியவருக்கு, தெரியாதவர் எங்கே தடுமாறுவார் என்பது கண்ணில் படாது. அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. அதனால் டெவலப்பரிடம் நான் முதலில் கேட்பது, "இந்த இடத்தில் என்ன போட்டால் எரர் வரும்?" என்பதைத்தான். "இது என்ன செய்யும்?" என்று கேட்டால் ஒரு வரிதான் கிடைக்கும். இப்படிக் கேட்டால் பக்கம் நிறைய விஷயம் வரும்.

அடுத்தது வரிசை. பேக்கப்பை மீட்கும் பக்கம் ஒன்றில் இப்படி இருந்தது: "ரீஸ்டோர் பட்டனை அழுத்தவும். குறிப்பு: பேக்கப்புக்குப் பின் போட்ட பில்கள் அழிந்துவிடும்." குறிப்பைப் படிக்கும் முன்பே விரல் பட்டனை அழுத்தியிருக்கும். மேனுவலை யாரும் முழுதாகப் படித்து முடித்துவிட்டு வேலையில் இறங்குவதில்லை. மவுஸில் கை வைத்தபடி ஒவ்வொரு வரியாகச் செய்துகொண்டே போகிறார்கள். 1980களில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில், கணினியில் புதிதாக எழுத்து வேலை கற்றுக்கொள்பவர்களைக் கவனித்த ஜான் கேரல் கண்டதும் இதைத்தான். விளக்கத்தைக் குறைத்து, தவறு நேர்ந்தால் எப்படி மீள்வது என்பதைச் சேர்த்த சிறிய மேனுவலில் அவர்கள் விரைவாகக் கற்றார்கள். எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னால் வர வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

எரர் மெசேஜும் டாக்குமென்டேஷனின் ஒரு பகுதிதான். பெரும்பாலோர் படிக்கும் ஒரே பகுதி என்றும் சொல்லலாம். அது சரியாக இல்லாவிட்டால் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியின் வரலாறு இருக்கிறது. 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் அதில் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் உயிரிழந்தார்கள். 1986 மார்ச்சில் டெக்சஸின் டைலர் நகர மருத்துவமனையில் திரையில் வந்தது "மால்ஃபங்ஷன் 54", அதாவது 'கோளாறு 54'. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று ஆபரேட்டரிடம் இருந்த மேனுவலில் விளக்கம் இல்லை. அப்படிப்பட்ட அறிவிப்புகள் அங்கே அடிக்கடி வருபவை என்பதால், தொடரும் விசையை அவர் அழுத்தினார். கதிர் மறுபடியும் பாய்ந்தது. மென்பொருள் கோளாறும், வன்பொருள் பாதுகாப்புப் பூட்டுகளை நீக்கியதும்தான் மூல காரணங்கள். ஆனாலும் அந்த நொடியில் ஒரு மனிதருக்கு உதவியிருக்கக்கூடிய ஒரே இடம் அந்தத் திரையும் மேனுவலும்தான். இரண்டும் எதுவும் சொல்லவில்லை.

தெரிந்த குறையை மறைக்காமல் எழுதுவதும் இதோடு சேர்ந்தது. 1971 நவம்பரில் வந்த யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் முதல் மேனுவலிலேயே "பக்ஸ்" (குறைகள்) என்று ஒரு தலைப்பு உண்டு. இந்தக் கட்டளை எங்கே சரியாக வேலை செய்யாது என்று, அதை உருவாக்கியவர்களே அதில் எழுதி வைத்தார்கள். இன்று அப்படி எழுதப்போனால் மார்க்கெட்டிங் பக்கம் இருந்து எதிர்ப்பு வரும். "ஆயிரம் பில்லுக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றினால் நின்றுவிடும், பிரித்து ஏற்றுங்கள்" என்று எழுதிவிட்டால் யாரும் ராத்திரி உட்கார்ந்து தவிக்க வேண்டாம். இதற்காக வாதாடுவது எழுதுகிறவரின் வேலைதான் என்று நினைக்கிறேன்.

ஸ்கிரீன்ஷாட்டைக் குறைவாகவே வைக்கவும். ஒரு பட்டனின் பெயர் மாறினாலும் அத்தனை படங்களும் பழசாகிவிடும்.

தலைப்புகளைச் சப்போர்ட் டிக்கெட்டிலிருந்து, அதாவது வாடிக்கையாளர்கள் உதவி கேட்டு அனுப்பும் புகார்களிலிருந்து எடுங்கள். "ஆவண ரத்து மேலாண்மை" என்று யாரும் தேடமாட்டார்கள். "பில் கேன்சல் ஆகல" என்றுதான் தேடுவார்கள். எழுதி முடித்ததும், மென்பொருளைப் பார்த்திராத ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்துவிட்டு அருகில் உட்காருங்கள். அவர் கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். அவர் கை எந்த வரியில் நிற்கிறதோ, அந்த வரியை மாற்றி எழுதிவிட்டு, வேறொருவரிடம் கொடுங்கள்.